ஆள் ஏறும் வண்டி

"கார் வாங்குறேன்னு சொல்லு, ஒரு நியாயம் இருக்கு. வேலையாளுங்க போற வேன வாங்கி வாசல்ல நிறுத்தி, நாம என்ன சாக்கடை அடைப்பா எடுக்கப் போறோம்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"எடுத்தா எடுப்போம். உங்களுக்கும் உருப்படியா ஒரு தொழில் கிடைச்ச மாதிரி இருக்கும்" என்றேன்.

அவர் மருந்துக் கடையில் கணக்குப் பார்ப்பவர். சட்டை மடிப்புக் கலையாமல் போய், மடிப்புக் கலையாமல் திரும்பி வருகிற மனிதர். பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் டீ தம்ளரை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார். வாக்குவாதம் முடிந்தது என்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் அடையாளம்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், அவர், காலேஜ் போகிற பெரியவள், பள்ளிக்கூடம் போகிற சின்னவள், அப்புறம் என் தம்பி. வண்டி என்று சொல்லிக்கொள்ள ஒரு ஸ்கூட்டர். தம்பி மின்வேலை செய்கிறவன். ஒயர் இழுக்கிற ஆட்களோடு ஒரு வேனில் ஏறிக்கொண்டு புதுக் கட்டடம் புதுக் கட்டடமாகப் போய்க்கொண்டிருந்தான். ஒரு நாள் சாரம் சரிந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கல்யாணம் ஆகாதவன், அப்பா அம்மாவும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என்னிடம்தான் வந்தான். வேறு எங்கே போவான்? நான் சோபாவுக்கு உறை தைக்கிறவள். தையல் மிஷினையும் ரெக்சின் சுருள்களையும் பின்பக்கத் தகரக் கொட்டகைக்குத் தள்ளிவிட்டு, முன்னறையை அவனுக்குக் கொடுத்தேன்.

உள்ளே போனவன் வெளியே வரவில்லை. ஆரம்பத்தில் டாக்டரிடம் காட்டுவதற்காவது வாடகைக் காரில் வந்துகொண்டிருந்தான். காருக்குள் அவனைத் தூக்கி வைக்க ஒருவர் தோளைப் பிடிக்க வேண்டும், ஒருவர் காலைப் பிடிக்க வேண்டும். ஒரு நாள் ஒரு டிரைவர் அவன் காலைக் கதவில் இடித்துவிட்டு, "பரவால்ல, அவருக்குத்தான் வலிக்காதே" என்றான். அதை அவன் காதுபடவே சொன்னான். நான் அந்த டிரைவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். என்ன பிரயோசனம்? தம்பி வீட்டுக்கு வந்ததும், "இனிமே எனக்கு வெளிய வேலையில்லக்கா" என்றான். அதோடு சரி. நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டுமானால் யாராவது ஒருத்தி அவனோடு இருந்தாக வேண்டும். அவன் "போங்க, எனக்கென்ன" என்பான். முகம் சுவர்ப்பக்கம் இருக்கும். வருஷத்தில் பாதி நாள் ஊரில் இல்லாத பயல், வீட்டில் சோறு ஆறிப்போகும்வரை நண்பர்களோடு தெருவில் நின்று பேசுகிற பயல், இப்படி ஓர் அறைக்குள் கிடந்து நாளை ஓட்டுவதை என்னால் பார்க்க முடியவில்லை. அவனை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டு வர வேண்டும். நாங்கள் ஐந்து பேரும் ஒரே வண்டியில் போய், ஒரு பகலை எங்கேயாவது கழித்துவிட்டு, ஐந்து பேரும் ஒன்றாகத் திரும்பி வர வேண்டும். தலைகீழாக நின்றாவது இதைச் செய்துவிடுவது என்று நான் தீர்மானித்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் குழாய் அடைப்பு எடுக்கிற ஒரு கம்பெனி தன் பழைய வேன்களைக் கழித்துக் கட்டுகிறது என்று பொறி அண்ணன் வந்து சொன்னார். பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறைக்காரர். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் பொறிதான். சட்டையெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை இருக்கும்.

கம்பெனி முற்றத்தில் வரிசையாக நின்ற வேன்களில் கடைசியாக நின்றது அது. முன்னால் மூன்று பேர், அவர்களுக்குப் பின்னால் நீள இருக்கையில் மூன்று பேர். அதற்குப் பின்னால் ஒரு தகரத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் பாதி வண்டி நீளத்துக்குச் சாமான் அறை. பக்கவாட்டில் இழுத்துத் திறக்கிற கதவு, பின்னால் இரட்டைக் கதவு. உள்ளே பசை நாற்றமும் ஈரச் செருப்பு நாற்றமும் கலந்து அடித்தன. ஆறு பேர் தினமும் ஏறி இறங்கிய வண்டி வேறு எப்படி இருக்கும்? எனக்கு நாற்றத்தைப் பற்றிக் கவலையில்லை. உறையை உரித்தால் நாற்றம் போய்விடும். பொறி அண்ணன் கீழே படுத்துத் துருவைத் தட்டிப் பார்த்தார். நான் இருக்கையில் முஷ்டியை வைத்து அழுத்திப் பார்த்தேன். ஃபோம் செத்துப்போயிருந்தது, சட்டம் உறுதியாக இருந்தது.

அதை ஓட்டிக்கொண்டிருந்த டிரைவரே சாவியைக் கொண்டு வந்தார். "இந்தப் பக்கக் கதவு சும்மா இழுத்தா வராதும்மா. லேசா தூக்கி இழுக்கணும். கொஞ்சம் கெஞ்சணும்" என்றார்.

"எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லண்ணா."

"அப்ப மிரட்டிப் பாருங்க" என்றார் அவர் சிரிக்காமல். உண்மையாகவே கதவு என் மிரட்டலுக்குத்தான் திறந்தது.

விலை பேசியதைப் பற்றி விவரிக்க வேண்டாம். அலுவலகத்தில் இருந்தவர் கடைசியில், "ஆள விடுங்கம்மா, எடுத்துட்டுப் போங்க" என்றார். நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். லைசென்ஸ் எடுத்து வைத்திருந்ததற்கு அன்றுதான் பலன் கிடைத்தது. எங்கள் தெருவுக்குள் ஒரே வெட்டில் திரும்ப முடியவில்லை. அவ்வளவு நீளம் அந்த வண்டி. முன்பாகம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது, பின்பாகம் இன்னும் முனைக் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தது. பின்னுக்கு எடுத்தால் 'பீப் பீப்' என்று கத்தும். எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து, "என்ன, வீடு இடிக்கிறாங்களா?" என்று கேட்டாள்.

வேனின் இரண்டு பக்கமும் 'அடைப்பா? உடனே அழையுங்கள்!' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுப்பதற்குள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சிக்னலில் நின்றால் யாராவது ஓடி வந்து, "அண்ணே, எங்க வீட்டு சிங்க்ல தண்ணி இறங்க மாட்டேங்குது" என்பார்கள். என் வீட்டுக்காரர் கூச்ச சுபாவம். இல்லை என்று சொல்லவும் வாய் வராது. ஒரு நாள் ஒரு வயதான அம்மாள் கெஞ்சினாள் என்று அவரே உள்ளே போய்விட்டார். கம்பியை வளைத்து என்னத்தையோ குத்தி, சட்டையெல்லாம் கறுப்பாகத் திரும்பி வந்தார்.

"போச்சா அடைப்பு?" என்றேன்.

"போயிடுச்சு" என்றார். முகத்தில் ஒரு பெருமை! கணக்குப் புத்தகத்தில் எந்த நாளும் வராத பெருமை. பிள்ளைகள் அன்றிலிருந்து வண்டிக்கு 'அடைப்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நான் இருக்கைகளைக் கழற்றி, புது ஃபோம் வைத்து, கரும்பச்சை ரெக்சினில் உறை தைத்தேன். சாமான் அறையைக் கழுவி, தரையில் ரப்பர் விரித்தேன். பொறி அண்ணன் பின்கதவுக்கு இரும்பில் ஒரு நீளச் சாய்பலகை செய்து கொடுத்தார். திட்டம் என் மண்டையில் தெளிவாக இருந்தது. தம்பி சக்கர நாற்காலியை விட்டு இறங்கவே வேண்டாம். நாற்காலியோடு பலகை மேல் தள்ளினால் நேராக வண்டிக்குள் போய்விடலாம். தோளைப் பிடி, காலைப் பிடி என்கிற பேச்சுக்கே இடமில்லை. இதை நினைத்து நினைத்து எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்திருந்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவனிடம் கெஞ்சவில்லை, மிரட்டவும் இல்லை. "உனக்காக ஒரு வண்டி வாங்கியிருக்கேன். ஒரே ஒரு தடவை வந்து பாரு. புடிக்கலேன்னா இனிமே கேக்க மாட்டேன்" என்றேன். நான் இவ்வளவு அடக்கமாகப் பேசி அவன் கேட்டதே கிடையாது. பயந்துபோய் வந்துவிட்டான்.

பொறி அண்ணன் வலப்பக்கம், என் வீட்டுக்காரர் இடப்பக்கம், நான் பின்னால். "ஏத்துங்க, ஏத்துங்க, மெதுவா ஏத்துங்க" என்கிறேன் நான். "நேரா ஏத்துங்கப்பா, சக்கரம் இடிக்குது" என்கிறாள் பெரியவள். "ஏத்தியாச்சா?" என்று வீட்டுக்குள்ளிருந்து கத்துகிறாள் சின்னவள். ஒரு குலுக்கலில் நாற்காலி உள்ளே போய்விட்டது. சக்கரத்தைப் பட்டையால் கட்டினோம். "ஏத்தியாச்சு!" என்று நான்தான் கைதட்டினேன். பின்கதவைச் சாத்தினோம். எல்லோரும் ஓடிப்போய் முன்னால் உட்கார்ந்தோம். சாவியைத் திருப்பினேன்.

பின்னாலிருந்து தகரத்தில் இரண்டு தட்டு கேட்டது.

இறங்கிப் போய்க் கதவைத் திறந்தேன். உள்ளே இருட்டு. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. எனக்கு அது தோன்றவே இல்லை. அவன் தகரத் தடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கம் நாங்கள் நாலு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது அவனுக்குக் கேட்டிருக்கும்.

"இறக்குங்க" என்றான்.

வீட்டில் அவன் அறைக்குள் போனதும் நான் சண்டைக்குப் போய்விட்டேன். அப்படித்தான் என் புத்தி. "எவ்வளவு பாடுபட்டிருக்கேன் தெரியுமாடா? கையெல்லாம் ஊசி குத்தி, மனுஷி ராவும் பகலும்..."

"தெரியும்க்கா. ஆனா ஒண்ணு சொல்றேன், கேளு. நானும் இந்த மாதிரி வேன்லதான் வேலைக்குப் போனேன். தினமும் காலைல பின்னாடி ஒயர ஏத்துவோம். பைப்ப ஏத்துவோம். ஏணிய ஏத்துவோம். அப்புறம் ஆளுங்க நாங்க ஏறுவோம். ஏத்துறது வேற, ஏறுறது வேற. இன்னிக்கு நீங்க எத்தன தடவ 'ஏத்து'ன்னு சொன்னீங்க, கேட்டியா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "பஸ்லகூட 'ஆள ஏத்து'ன்னுதான்டா சொல்றாங்க!"

"அது வெளிய நிக்கிறவன் சொல்றது. உள்ள உக்காந்திருக்கிறவன்கிட்ட கேளு. 'பஸ்ல ஏறினேன்'னுதான் சொல்லுவான். 'என்னை ஏத்துனாங்க'ன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கியா?"

கொட்டகைக்குப் போய், தைத்து வைத்திருந்த ஒரு தலையணையை எடுத்துச் சுவரில் ஓங்கி அடித்தேன். பிறகு உட்கார்ந்து அழுதேன். அவன் மேல் கோபம், அந்தத் தகரத்தின் மேல் கோபம். அதைக் கண்முன் வைத்துக்கொண்டே பார்க்காமல் போன என் மேல்தான் அதிகமான கோபம். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக அவன் அறைக்குப் போனேன்.

"சரி. நீ ஏறணும். எப்படி ஏறுவன்னு சொல்லு. எவனை வெட்டணும், எதை ஒட்டணும், சொல்லு. செய்யுறேன்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். சுவர்ப் பக்கம் பார்க்கிற முகம் அல்ல அது. "எவனையும் வெட்ட வேண்டாம். அந்தத் தகரத்த வெட்டு" என்றான்.

மறுநாளே பொறி அண்ணன் தடுப்பை வெட்டி எடுத்தார். வெட்டியதும் வண்டிக்குள் வெளிச்சம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போயிற்று. நீள இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்த இடம் கிடைத்தது. மற்றதெல்லாம் அவன் யோசனை. வண்டித் தரை அவன் நாற்காலியைவிட உயரம். ஒரே எம்பலில் போக முடியாது. அதனால் பக்கக் கதவு வாசலில், பாதி உயரத்தில், மடக்கி வைக்கக்கூடிய ஒரு சின்னப் பலகை. மேலே கூரைச் சட்டத்தில் ஒரு கைப்பிடி, கதவோரம் ஒரு கைப்பிடி. நாற்காலியிலிருந்து பலகைக்கு, பலகையிலிருந்து இருக்கைக்கு. அப்புறம் நாற்காலியை மடக்கிப் பட்டையால் உள்ளே இழுத்துக்கொள்வது. அவன் தன் அறை ஜன்னல் வழியாகச் சொல்லச் சொல்ல, பொறி அண்ணன் வெளியே பொறி பறக்க விட்டுக்கொண்டிருந்தார். தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. பலகைக்கு நான் நல்ல ஃபோம் வைத்து உறை போட்டேன். உணர்ச்சி இல்லாத உடம்பு, உராய்ந்தால் அவனுக்குத் தெரியாது, புண்ணாகிவிடும்.

"ஒரே ஒரு கண்டிஷன்" என்றான். "நான் ஏறும்போது யாரும் என்னைத் தொடக்கூடாது. முக்கியமா நீ."

"விழுந்தா?"

"விழுந்தா விழுந்துட்டுப் போறேன். கூப்புட்டா மட்டும் வா."

அந்த வாரங்களை நான் எப்படித் தாண்டினேன் என்று எனக்கே தெரியாது. அவன் தினமும் மாலை வாசலுக்கு வந்தான். அறையை விட்டு வெளியே வரமாட்டேன் என்றவன், வெயில் இறங்கியதும் "பலகைய இறக்கு சின்னக்குட்டி" என்று மருமகளுக்கு ஆணை போட்டான். நாலு விரற்கடை எம்புவான், கை தாங்காது, திரும்ப நாற்காலியில் விழுவான். கைப்பிடியைப் பிடித்துத் தொங்குவான், இடுப்பு பின்னால் வராது. ஒரு நாள் வழுக்கி மண்ணிலேயே விழுந்தான். நான் அலறிக்கொண்டு ஓடினேன்.

"அங்கயே நில்லு!" என்று கத்தினான். மூக்கில் மண். "கையப் பின்னாடி கட்டிக்கோ!"

என் வீட்டுக்காரர் வந்து உண்மையாகவே என் கைகளைப் பின்னால் பிடித்துக்கொண்டார். திமிறினேன். "விடுங்க, உங்களுக்கென்ன தெரியும், என் தம்பி" என்று கத்தினேன். "உன் தம்பிதான். அதான் உன்னை மாதிரியே பிடிவாதம்" என்றார் அவர், பிடியை விடாமல். தம்பி முழங்கையை ஊன்றி, நாற்காலிச் சக்கரத்தைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு அரை அங்குலம் அரை அங்குலமாக எழும்பினான். எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்ததும் அவன் முதலில் சொன்ன வார்த்தை: "அத்தான், அவள இன்னும் விடாதீங்க. இன்னொரு தடவ முயற்சி பண்றேன்."

இதற்கு நடுவில் அவன் போனில் யாரிடமோ அடிக்கடி பேசிக்கொண்டிருந்தான். கேட்டால், "நம்ம பழைய மேஸ்திரிதான்" என்பான். அவனை வேலைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தவர். விழுந்த நாளிலிருந்து அந்த ஆட்கள் யாரிடமும் பேசாதவன் பேசுகிறானே என்று எனக்குச் சந்தோஷம்தான். பேசட்டும், மனசு லேசாகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை மாலை ஏறிவிட்டான். என்ன வித்தியாசமாகச் செய்தான் என்று என்னால் சொல்ல முடியாது. நாற்காலியிலிருந்து பலகை, பலகையில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு நிமிஷம், அங்கிருந்து ஒரு எம்பு. என் கரும்பச்சை இருக்கையில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தான். கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டான். நாற்காலியை மடக்கி இழுத்தான். கதவைப் பிடித்து இழுத்தான், அது வரவில்லை.

"மிரட்டு!" என்றேன் அழுதுகொண்டே.

"மூடித் தொலை!" என்று கதவைப் பார்த்துக் கத்தினான். மூடிக்கொண்டது.

மறுநாள் ஏரிக்கரைக்குப் போனோம். ஐந்து பேரும், ஒரே வண்டியில். நான் ஓட்ட, அவர் பக்கத்தில். பின்னால் பிள்ளைகள் இருவரும் மாமனும். சாப்பாடு கட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். "அடைப்பு அடைப்பு, வழி விடு!" என்று பின்னால் ஒரே கூத்து. கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கடை, பாலம், சைக்கிளில் போகிறவன், எல்லாவற்றையும் திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஏரிக்கரையில் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தம்பியும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டார்கள். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்றிருந்தது. நினைத்ததைச் சாதித்துவிட்டேன், இனி யார் என்ன சொன்னாலும் கவலையில்லை என்று காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா" என்றான். "திரும்பிப் போற வழியில மேஸ்திரி பட்டறைல என்னை விட்டுடு."

"பாக்கணுமா? பாத்துட்டுப் போலாமே."

"பாக்க இல்ல. வேலைக்கு. ஸ்விட்ச் போர்டு செய்யுற பட்டறை வச்சிருக்காரு. உக்காந்து செய்யுற வேலை. பக்கத்துலயே ரூம். நாளைல இருந்து வரச் சொல்லிட்டாரு."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நாளைலயா? தங்குறதுக்கா? துணிமணி?"

"பை வண்டில இருக்கு" என்றாள் சின்னவள், மெதுவாக. இருக்கைக்கு அடியில் கிடந்ததை நான் துண்டும் விரிப்பும் என்று நினைத்திருந்தேன். ஆக, எனக்குத் தெரியாமல் எல்லோரும் கூட்டு. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஏரியைப் பார்த்தார்.

"அப்ப நான் எதுக்குடா இந்த வண்டிய வாங்குனேன்?" என்று கத்தினேன். ஏரிக்கரையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "உன்னை வீட்டை விட்டுத் துரத்தவா? யாரு உனக்குச் சமைப்பா? புண்ணு வந்தா யாரு பாப்பா? என் வீட்டுல உனக்கு என்ன குறை வச்சேன்?"

"ஒரு குறையும் வைக்கல. அதான் சிக்கலே. நீ குறை வச்சிருந்தா எப்பவோ போயிருப்பேன்." அவன் குரல் உயரவில்லை. "நீதான வெளிய வா வெளிய வான்னு உயிர எடுத்த? வந்துட்டேன். வந்தவன் வாசலோட இருந்துடணும்னா எப்படிக்கா?"

பாத்திரங்களை அள்ளி வண்டியில் போட்டேன். வழி முழுவதும் திட்டிக்கொண்டே ஓட்டினேன். வீட்டுக்குப் போனதும் இந்த வண்டியை விற்றுத் தொலைத்துவிடுகிறேன் என்றேன். அடைப்பு எடுக்கிறவனுக்கே திரும்பக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். ஆனால் ஒன்று, வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. பட்டறைப் பக்கம்தான் திருப்பினேன். அது எப்படி என்று கேட்டால் தெரியாது.

பட்டறை வாசலில் புது சிமெண்டில் ஒரு சரிவு போட்டிருந்தது. மேஸ்திரி வெளியே வந்தார். இரும்புக் குரல், பெரிய தொப்பை. அவன் இறங்கும்போது கிட்டே வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, வானத்தில் மேகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒன்றிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அதைக் காட்டிக்கொள்ளாமல் நேராக அறைக்குள் போய்க் குறை தேடினேன். கதவு அகலம், நாற்காலி தாராளமாகப் போகும். சுவிட்ச் தாழ்வாக, கைக்கு எட்டுகிற உயரம். குளியலறையில் இரண்டு பக்கமும் கம்பி. கடைசியில் கட்டிலில் முஷ்டியை வைத்து அழுத்தினேன். மாட்டிக்கொண்டது!

"இது மெத்தையா, பலகையா? இதுல ஒரு ராத்திரி படுத்தா முதுகு புண்ணாயிடும். விட மாட்டேன்."

மேஸ்திரி முகத்தில் ஈயாடவில்லை. தம்பி தலையைச் சொறிந்தான். "நீ பாப்பேன்னு தெரியும்" என்றான்.

வேனுக்குப் போனேன். பின்னால் அடுத்த சோபாவுக்காக வாங்கி வைத்திருந்த நல்ல ஃபோம் சுருள் கிடந்தது. என் வீட்டுக்காரர் ஒரு முனையைப் பிடிக்க, இழுத்து வந்து கட்டிலில் விரித்து, அளவுக்கு அறுத்து, விரிப்பைப் போட்டு நாலு மூலையும் செருகினேன். அழுத்திப் பார்த்தேன். கை நன்றாக உள்ளே போய், மெதுவாக எழும்பி வந்தது. அதன் பிறகு என்னிடம் சொல்வதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை. உறையை அடுத்த வாரம் தைத்துக் கொண்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

நாங்கள் நாலு பேரும் வண்டியில் ஏறினோம். அவன் சரிவில் இறங்கி என் ஜன்னலுக்குக் கீழே வந்து நாற்காலியை நிறுத்தினான். நான் முன்னால் பார்த்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். முகத்தைப் பார்த்தால் உடைந்துவிடுவேன் என்று தெரியும்.

"அக்கா, வண்டிய வித்துடாத" என்றான். "ஞாயித்துக்கெழம காலைல வந்துடு. நான் வாசல்ல நிப்பேன்."

நிற்பேன் என்றான். தான் சொன்ன வார்த்தையை அவனே கவனிக்கவில்லை. விழுந்த நாளிலிருந்து அந்த வார்த்தையைத் தன்னைப் பற்றி அவன் சொல்லி நான் கேட்டதில்லை.

"நில்லுடா" என்றேன். "வந்துடுறேன்."